ரவுட்டர்ல டோர் போடப் போறீங்களா, முதல்ல டப்பாவத் திருப்பிப் பாருங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் கூட இப்ப வீட்டுக்கு ஃபைபர் வந்துருச்சு, பழைய வைஃபை ரவுட்டர் அலமாரி மேல தூசி பிடிச்சுக் கிடக்கு, அதுல ஓப்பன்வர்ட்டுங்கற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர ஏத்தி, டேட்டாவ மூணு கம்ப்யூட்டர் வழியா சுத்தி விட்டு ஆள மறைக்கற டோர் (Tor) போட்டுட்டா வீட்டுல இருக்கற அத்தனை போனும் யாருன்னே தெரியாம நெட் பாக்கலாம்ல, அப்படின்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஓடுமான்னா ஓடும். எந்த டப்பாவுல எந்த வேலைக்குங்கறதுலதான் கோட்டை விடறாங்க.

மொதல்ல, ஆன்டெனாவ எண்ணி ரவுட்டர் வாங்காதீங்க. நாலு கொம்பு, அட்டையில ஏசி 1200னு கொட்டை எழுத்து, அதெல்லாம் வைஃபை சமாச்சாரம். டோருக்கு வேணுங்கறது ராம், ஃபிளாஷ், பிராசசர். ஓப்பன்வர்ட்காரங்க வெறும் ரவுட்டர் வேலைக்கே 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் இருக்கறதா பாத்து வாங்கச் சொல்றாங்க. நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு பாத்த டிபி லிங்க் 841 என், அதுல பல வெர்ஷன்ல 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும்தான், டோர் பேக்கேஜ வைக்கவே இடம் பத்தாது. ஒரே மாடல் நம்பர்லயே வெர்ஷன் மாறுனா உள்ள சிப்பு மாறிடும், அதனால கோயமுத்தூர்லயோ பொள்ளாச்சிலயோ செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப அடியில ஸ்டிக்கர்ல வெர்ஷன் என்னன்னு பாத்துட்டு காசக் குடுங்க. நீங்க மட்டும் டோர் வழியா போறதுக்குன்னா 128ல தள்ளாடி ஓடும், 256 இருந்தா நிம்மதி.

அடுத்தது ஸ்பீடு. "எங்க லைன் 100 எம்பிபிஎஸ், ரவுட்டரும் ஜிகாபிட், அப்ப டோரும் பறக்கும்"னு ஒரு கணக்கு. பல ரவுட்டருக்குள்ள சாதாரண டேட்டாவத் தள்ளி விடறதுக்குன்னே தனி சர்க்யூட் இருக்கும், பிராசசர் அத பெரும்பாலும் தொடறதேயில்ல, தபால் ஆபீஸ்ல கவரப் பிரிக்காம அடுத்த பைக்குள்ள போடற மாதிரி. டோர்னு வந்துட்டா ஒவ்வொரு கவரும் பிராசசர் கைக்கு வரணும், மூணு அடுக்கு உறை போட்டு என்கிரிப்ட் பண்ணணும், அந்தக் குறுக்கு வழியே அங்க செல்லாது. மலிவு ரவுட்டர்ல வர்ற 580 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸ் வகை சிப்பு மூச்சு வாங்கும். நாலு கோர்னு போட்டிருந்தாலும் பெருசா மயங்க வேண்டாம், டோர் பெரும்பாலும் ஒரே கோர்லதான் ஓடும். பிராசசர்லயே ஏஇஎஸ் என்கிரிப்ஷன வேகமா பண்ற வசதி இருக்கான்னு பாக்கறது அத விட முக்கியம், ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல 4வது மாடல்ல அது கிடையாது, 5ல இருக்கு.

ரிலே ஓட்டி, அதாவது மத்தவங்க டோர் டேட்டாவ நம்ம லைன் வழியா கடத்தி விட்டு, ஊருக்கு உதவலாம்னு கிளம்பறவங்களுக்கு கணக்கே வேற. டோர நடத்தற டோர் புராஜெக்ட் சொல்றது 40 எம்பிபிஎஸ்க்குக் கீழ போற ரிலேவுக்கே 512 எம்பி ராம், அதுக்கு மேலன்னா 1 ஜிபி. ராம் இருந்தாலும் ஒரே நேரத்துல குறைஞ்சது 7000 கனெக்‌ஷன் தாங்கணும், வீட்டு ரவுட்டர் பல இதுலயே தொங்கிடும், அப்புறம் டிவியும் ஓடல போனும் ஓடலன்னு வீட்டுல உங்களத்தான் கேப்பாங்க. இன்னொன்னு, ரவுட்டர் செட்டிங்ல காட்டற வான் ஐபி (நெட் கம்பெனி குடுக்கற முகவரி) 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா பல வீட்டுக்கு ஒரே ஐபி பங்கு போட்டிருக்காங்கன்னு அர்த்தம், வெளியில இருந்து உங்க வீட்டுக்குள்ள வர வழி இல்ல, ரிலே ஆகாது. அப்படிப்பட்ட லைன்ல, டோரத் தடுத்து வச்ச ஊர்க்காரங்களுக்கு உள்ள நுழைய வழி விடற ஸ்னோஃப்ளேக் ஓடும், அதப் போடுங்க. எக்ஸிட், அதாவது டேட்டா டோர விட்டு வெளிய போற கடைசி ரிலே, அது மட்டும் வீட்டு லைன்ல வேண்டவே வேண்டாம், எவனோ பண்ற வேலைக்கு உங்க வாசல்ல வந்து நிப்பாங்க.

பலருக்குப் பிடிபடாத விஷயம் கடிகாரம். ரவுட்டர்ல பெரும்பாலும் பேட்டரி வச்ச கடிகாரம் இல்ல, துலாவர்ஷத்துல இடி இடிச்சு கரண்ட் போயிட்டு வந்தா அது ஏதோ பழைய தேதியில முழிக்கும். எந்தெந்த ரிலே இருக்குன்னு சொல்ற டோரோட நெட்வொர்க் பட்டியல் மூணு மணி நேரத்துக்குத்தான் செல்லும், நேரம் தப்பா இருந்தா கனெக்ட் ஆகாது. நேரத்த நெட்ல இருந்து (என்டிபி) வாங்கலாம்னா அது யுடிபிங்கற முறையில வரும், டோர்ல யுடிபி போகாது, ரவுட்டரோட சொந்த டிராஃபிக்கையும் சேத்து டோர்லயே போகச் சொல்லி பூட்டிட்டீங்கன்னா ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துட்டு உக்காந்திருக்கும். என்டிபிய மட்டும் டோருக்கு வெளிய விடுங்க.

அப்புறம் வீடு முழுக்க டோர்ங்கற ஆசையே எனக்கு ஒப்பல. போன்ல உங்க பேர்ல ஜிமெயில், ஃபேஸ்புக்னு லாகின் பண்ணி வச்சுட்டு வழிய மட்டும் மறைச்சு என்ன பிரயோஜனம், வாட்ஸ்அப் கால் தடுமாறும், பேங்க் ஆப் சந்தேகப்பட்டு நிறுத்தும். 2014ல அனானபாக்ஸ்னு ஒரு டோர் ரவுட்டர் டப்பா, மக்கள்கிட்ட முன்பணம் திரட்டற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல பரபரப்பா காசு சேத்துச்சு, சொந்தமா டிசைன் பண்ணதுன்னாங்க, பாத்தா சீனாவுல ரெடிமேடா கிடைக்கற போர்டு, எல்லா டப்பாவுக்கும் ஒரே ரூட் (அட்மின்) பாஸ்வேர்ட், கிக்ஸ்டார்ட்டரே நிறுத்திருச்சு. பிரவுசிங்க்கு டோர் பிரவுசர உங்க கம்ப்யூட்டர்லயே போட்டுக்கறதுதான் சரி.

ரிலே மாதிரி எதாவது ஓட்டணும்னா ரவுட்டர ரவுட்டராவே விட்டுட்டு பின்னால லேன் கேபிள்ல ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு குட்டி கம்ப்யூட்டர் வைங்க, அது தொங்குனாலும் வீட்டு நெட் நிக்காது. மீன மாசத்து பாலக்காட்டு வெயில்ல அலமாரிக்குள்ள பூட்டி வைக்காதீங்க, சூடேறுனா பிராசசர் தானா வேகத்தக் குறைச்சுக்கும். கரண்ட் கட்டுக்குன்னு ரவுட்டருக்கு வாங்குன 12 வோல்ட் மினி யுபிஎஸ்ல பைய நேரா சொருகிடாதீங்க, அதுக்கு வேணுங்கறது 5 வோல்ட், பை 5ன்னா 5 ஆம்பியர் அடாப்டரே கேக்கும்.