கல் என்று நம்பி அடுப்பில் ஏற்றாதீர்கள்: வரி போட்ட ஸ்டோன்வேர் தட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓவனில் கோழி பாதி வெந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. 2007 கடைசியிலிருந்து தென்னாப்பிரிக்காவில் வந்து வந்து போகிற, முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துகிற லோட் ஷெட்டிங்தான். திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். ஹாலில் பெரியம்மா குடும்பம் பசியோடு உட்கார்ந்திருந்தது. கேஸ் அடுப்பு இருக்கிறதே என்று ஸ்டோன்வேர் தட்டைக் கோழியோடு தூக்கி அதன் மேல் வைத்தேன். தீயைச் சின்னதாகத்தான் வைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரே ஒரு சத்தம். தட்டு அடியில் இருந்த ஒரு பள்ளத்தோடு நீளவாக்கில் பிளந்து, மசாலா அத்தனையும் பர்னருக்குள் இறங்கியது. அம்மா என் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டு அது. இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டர்பனில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்த மாதிரி தட்டு ஒன்று இருக்கிறது. கனமானது, நீள்சதுரம், உள்பக்க அடியில் வரிவரியாக மேடும் பள்ளமும். பரிசாக வரும், இரண்டு தடவை சமைப்பார்கள், உடையும், அல்லது பிடிக்காமல் அலமாரிக்குள் போய்விடும். சரியாகப் பழகினால் இருபது வருஷம் உழைக்கக்கூடிய பாத்திரம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தவறுக்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர். ஸ்டோன்வேர் என்றதும் நமக்குக் கல்சட்டி நினைவுக்கு வரும். கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்வது. கஞ்சித்தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பழக்கினால் தீயைத் தாங்கும். ஸ்டோன்வேர் கல்லே இல்லை. களிமண்ணைச் சூளையில் சுமார் 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸில் சுட்டு, கல் மாதிரி இறுக வைத்தது. ஊறுகாய் போட்டு வைக்கும் பழுப்பும் வெள்ளையுமான ஜாடி இருக்கிறதே, அந்த இனம்.

சரி, மண்சட்டியும் களிமண்தானே, அது மட்டும் எப்படித் தீயைத் தாங்குகிறது? மண்சட்டி குறைந்த சூட்டில் சுட்டது, உடம்பெல்லாம் நுண்துளை. சூட்டில் ஒரு கீறல் கிளம்பினாலும் பக்கத்துத் துளையில் போய் நின்றுவிடும். ஸ்டோன்வேரில் அந்தத் துளைகள் அநேகமாக அடைபட்டுக் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். கீறல் கிளம்பினால் நிற்க இடம் கிடையாது, ஓரம் வரை ஓடிவிடும். அதோடு, இதற்குள் சூடு மிக மெதுவாகத்தான் பரவும். அலுமினியம் இதைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். தீ படுகிற இடம் சூடேறி விரிகிறபோது நாலு விரல் தள்ளி இருக்கிற இடம் இன்னும் ஆறியே கிடக்கும். விரிகிற பகுதி விரியாத பகுதியை இழுக்கும். பீங்கான் இனம் முழுக்கவே அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

ஆகவே கேஸ், ஹாட் பிளேட், பிராய் (வெளியில் இறைச்சி சுடுகிற அடுப்பு) கரி எதன் மேலும் இது போகக்கூடாது. ஓவனுக்குள்ளேயே மேலே சிவக்கிற கிரில் கம்பிக்கு நேர் கீழே, மேல் அடுக்கில் நெருக்கி வைப்பதும் அதே ஆபத்துதான். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: கோழியை மட்டும் எடுத்து ஒரு சாதாரண பானையில் போட்டு, கேஸில் மூடி வேக வைப்பது. தட்டு ஓவனுக்குள்ளேயே இருந்து தானாக ஆறியிருக்கும். கரண்ட் வரட்டும் என்று பாதி வெந்த கோழியை இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பில் விடுவதும் தப்பு, கிருமி பெருக அதைவிடத் தோதான இடம் கிடையாது.

குளிரும் சூடும் மோதுகிற இடங்கள்

தீயில் வைத்து உடைப்பவர்களைவிட ஃபிரிட்ஜால் உடைப்பவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். ராத்திரியே கோழியில் மசாலா தடவி, அந்தத் தட்டிலேயே அடுக்கி ஃபிரிட்ஜில் வைப்பார்கள். மறுநாள் 200 டிகிரியில் காய்ந்திருக்கும் ஓவனுக்குள் அப்படியே தள்ளுவார்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். நாலாவது, ஐந்தாவது தடவையில் பிளக்கும், "ஒன்றுமே செய்யலையே, தானாக உடைஞ்சுபோச்சு" என்பார்கள். மசாலா தடவிய இறைச்சி வேறு பாத்திரத்தில் ஊறட்டும். சமைப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து, அறைச் சூட்டில் இருக்கும் தட்டில் அடுக்குங்கள். டர்பன் டிசம்பர் புழுக்கத்தில் அரை மணிக்கு மேல் இறைச்சியை வெளியே விட வேண்டாம். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கட்டியை இதில் வைக்கவே கூடாது.

வெறும் தட்டை ஓவனில் நன்றாகக் காய வைத்து, அதன் மேல் இறைச்சியைப் போட்டால் வரி அழகாக விழும் என்று சிலர் சொல்வார்கள். இரும்பு கிரில் சட்டிக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்தாது. காய்ந்த தட்டில் குளிர்ந்த தயிர் மசாலா விழுவதும், காய்ந்த ஓவனில் குளிர்ந்த தட்டு போவதும் ஒரே விபத்துதான்.

நடுவில் குழம்பு வற்றிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? கெட்டிலில் கொதிக்க வைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெளியே எடுத்ததும் கிரானைட் மேடையிலோ ஈரத்துணியிலோ வைக்காமல், மரப்பலகையிலோ மடித்த காய்ந்த துண்டிலோ வையுங்கள். பரிமாறி முடித்ததும் கைப்பழக்கத்தில் சிங்கில் வைத்துக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். இந்தத் தட்டு ஆற முக்கால் மணி நேரம்கூட எடுக்கும்.

வரி எதற்கு இருக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் சமைத்தால் தட்டு உடையாது, சாப்பாடு கெடும். மேட்டின் மேல் உணவு உட்காரும், உருகும் கொழுப்பு பள்ளத்துக்கு இறங்கும். அதனால் இறைச்சி தன் கொழுப்பிலேயே மிதந்து வேகாது. ஆட்டு சாப்ஸ், தோலோடு இருக்கும் கோழித்தொடை, சாசேஜ் இவற்றுக்கு இதைவிட நல்ல தட்டு கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நாம் மசாலாவை அள்ளிப் பூசுகிற ஆட்கள். தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்ந்து பள்ளமெல்லாம் நிறைந்துவிட்டால், வரி போட்டதும் போடாததும் ஒன்றுதான். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணக்க 140 டிகிரி பக்கம் வர வேண்டும். ஈரம் நிற்கிற வரை வேகும், சிவக்காது. தட்டில் அடுக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பிடித்து, வழிகிற மசாலாவைக் கிண்ணத்திலேயே வழித்து விடுங்கள். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். எட்டுத் துண்டு பிடிக்கிற தட்டில் பதினான்கைத் திணித்தால் கோழி ரோஸ்ட் ஆகாது, ஆவியில் வெந்த கோழிதான் கிடைக்கும். இரண்டு தடவையாகச் செய்வது நல்லது.

டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கோபுரமாகக் குவித்து விற்கிற மிளகாய் தூக்கலான மசாலாத்தூளை மேலே வறட்டுத் தூளாகத் தூவாதீர்கள். ஓவன் காற்றில் பத்து நிமிடத்தில் கருகிக் கசக்கும். எண்ணெயில் குழைத்துத் தடவினால் கருகாது. தேன், சட்னி, சர்க்கரை சேர்ந்த எதையும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பூச வேண்டும், முன்னமே பூசினால் பள்ளத்தில் இறங்கி நிலக்கரியாகிவிடும்.

எலும்போடு இருக்கும் கோழித்தொடைக்கு 200 டிகிரியில் 45 நிமிடம் என் கணக்கு. உள்ளே விசிறி ஓடுகிற தெர்மோஃபேன் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். உலோக ட்ரேக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்தால் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஏனென்றால் தட்டு முதலில் தான் சூடேற வேண்டும். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

மீனில் இது தலைகீழ். தட்டு வெளியே வந்த பிறகும் தன் சூட்டைப் பத்து நிமிடம் மீனுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். முழுதாக வெந்தபின் எடுத்தால் மேஜைக்கு வருவதற்குள் வறண்டுவிடும். நடுச்சதை இன்னும் லேசாகப் பளபளக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எங்கள் கடற்கரையில் குளிர்காலத்தில், ஜூன் ஜூலை வாக்கில், மத்தி கூட்டம் கூட்டமாக வரும். மத்தியை வரியோடு நீளவாட்டில் வைத்தால் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டு ஒட்டிப் பிய்ந்துபோகும். வரிக்குக் குறுக்கே வையுங்கள், மேடுகளில் மட்டும் எண்ணெய் தடவுங்கள், நடுவில் புரட்டாதீர்கள். எடுக்கும்போது மரக்கரண்டியை வரி ஓடுகிற திசையிலேயே மீனுக்கு அடியில் விட்டால் முழுசாக வரும். இங்கே பிடிக்கிற ஷாட் (shad) என்ற கடல்மீனுக்கும் இதே முறைதான், அக்டோபர் நவம்பரில் மட்டும் பிடிக்கத் தடை.

புளி, தக்காளி போட்ட மீன் என்றால் இந்தத் தட்டில் தாராளமாகச் செய்யலாம். அலுமினியமும் ஃபாயிலும் புளிப்புக்கு அரிக்கும், நல்ல மெருகு (கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு) போட்ட ஸ்டோன்வேர் அரிக்காது. ஆனால் சந்தையில் வாங்கிய பழைய அலங்காரத் தட்டு, மெருகு பெயர்ந்த தட்டு இவற்றில் புளி சமைக்காதீர்கள். பழைய மெருகுகளில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதைக் கரைத்துச் சாப்பாட்டில் இறக்கும்.

காய்களில் மடும்பி என்று நாங்கள் சொல்லும் சேப்பங்கிழங்கைப் பச்சையாக நறுக்கி நேரே ஓவனில் வைப்பது பெரிய தவறு. ஓரம் சிவந்திருக்கும், உள்ளே சரியாக வெந்திருக்காது. கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் தொண்டையை அரிக்கும். தோலோடு முழுசாக வேக வைத்து, உரித்து, இரண்டாகப் பிளந்து, எண்ணெயும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, வெட்டிய பக்கம் வரியில் படும்படி வைத்தால் அரை மணியில் மொறுமொறுவென்று வரும். பட்டர்நட் பூசணிக்கு அந்த வேலை இல்லை, கட்டை விரல் தடிமனில் நறுக்கினால் போதும்.

பிரியாணி வேண்டாம். பழுப்புப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் தம் வைக்கிற எங்கள் ஊர் பிரியாணிக்குத் தட்டையான அடி வேண்டும். இதில் சோறு பள்ளங்களில் அப்பிக் காய்ந்துவிடும். ரொட்டி புட்டிங், போபோட்டி மாதிரி முட்டை ஊற்றிச் செய்பவையும் அப்படித்தான்.

புரட்டாசிக்குத் தனித் தட்டு

இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடுவதில்லை. தட்டு முழுக்க மெருகு போட்டதாக இருந்தால் நன்றாகக் கழுவிய பிறகு வாசனை தங்காது, மனசுக்குச் சம்மதம் என்றால் பயன்படுத்தலாம். மெருகு போடாத, சொரசொரப்பான தட்டு வேறு கதை. அது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கறுத்துக்கொண்டே வரும், அப்படிக் கறுக்கக் கறுக்கத்தான் ஒட்டாமலும் வரும். ஆட்டுக்கொழுப்பு குடித்த தட்டில் பூஜைக்குக் கத்தரிக்காய் வைத்தால் அந்த வாசனை காயில் ஏறும். என் ஆயா விரதச் சட்டியைத் துணியில் சுற்றி மேல் அலமாரியில் தனியாக வைத்திருப்பார். அதையே இதற்கும் செய்யுங்கள். மெருகில்லாத தட்டை சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கவும் கூடாது, அடுத்த சாப்பாட்டில் சோப்பு வாசனை அடிக்கும். வெந்நீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும்.

மெருகுத் தட்டின் பள்ளத்தில் கருகிப் பிடித்ததைக் கத்தியால் நெம்பவோ எஃகு நாரால் தேய்க்கவோ வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அடுத்த மசாலா அதில்தான் பிடிக்கும். ஆறிய தட்டில் வெந்நீர் ஊற்றி, பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசி, ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பழைய பல் பிரஷ்ஷை வரியோடு ஓட்டினால் வந்துவிடும். கழுவியபின் கவிழ்த்து நன்றாகக் காய வையுங்கள். அடிவிளிம்பில் மெருகு இல்லாத இடம் ஈரத்தைக் குடிக்கும், அந்த ஈரம் ஓவனில் ஆவியாகி உள்ளிருந்து பிளக்கும்.

வருஷத்துக்கு நாலைந்து தடவை நான் புதுத் தட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பார்ப்பேன். நல்ல தட்டு மணி மாதிரி கணீர் என்னும். சத்தம் சொத்தென்று அடைத்துக் கேட்டால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை ஓவனில் வைக்க வேண்டாம். அம்மா கொடுத்த தட்டின் பெரிய பாதி பின்வாசலில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் அந்த வரிகளில் வழிந்து போவதால் தொட்டியின் அடி எப்போதும் காய்ந்தே இருக்கிறது.