எண்பது ரூபாய் ஈவுத்தொகையைச் செல்போன் வழியாகக் கொண்டு சேர்ப்பது எப்படி?

சேரன்மகாதேவிப் பக்கம் வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். ஒரு பங்கு 100 ரூபாய். பெரும்பாலான உறுப்பினர்களிடம் பத்துப் பங்குதான் இருக்கும். லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகை 8 சதவீதம் என்று பொதுக்குழுவில் முடிவானால் ஒருவருக்கு 80 ரூபாய் வரும்.

முதல் தடவை அதைச் செக்காகக் கொடுத்தோம். ஓர் ஆச்சி செக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எய்யா, பஸ்ஸுல சும்மா போயிட்டு வந்திரலாம். பேங்க்ல போயி நின்னா ஒரு நாள் கூலி போயிருமே" என்றார். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். பலருடைய செக் சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே காலாவதி ஆகிவிட்டது. மழையிலும் வெயிலிலும் நின்று சம்பாதித்த காசைப் போட்டுப் பங்கு வாங்கியவர்கள் இவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய தொகை அலைச்சல் இல்லாமல் சேர வேண்டும் என்றுதான் அடுத்த ஆண்டு செல்போன் பக்கம் வந்தோம். புதிதாக இந்த வேலையைக் கையில் எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் கென்யாக்காரர்கள். அங்கே சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் 2008இல் பங்கு வெளியிட்டபோது லட்சக்கணக்கான சாதாரண மக்கள் வாங்கினார்கள். சிறு பங்குதாரர்களின் ஈவுத்தொகையை, 2007இல் தான் தொடங்கிய எம்-பெசா சேவை வழியாகவே அந்த நிறுவனம் அனுப்பியது. அங்கே பணம் போன் எண்ணிலேயே இருக்கும்; பக்கத்துக் கடை ஏஜெண்டிடம் போய்க் காசாக்கிக்கொள்ளலாம். இங்கே பணம் வங்கிக் கணக்கில்தான் விழும், போன் அதற்குச் சாவி மட்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்வது எளிதாகப் புரியும்.

முதல் படி, பட்டியல். மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். உறுப்பினர் பெயர், பங்கு எண்ணிக்கை, கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. என்ற வங்கிக் கிளைக் குறியீடு, செல்போன் எண் ஆகியவற்றை ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். "பேங்க் பாஸ்புக் கொண்டு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால், வீட்டில் இருக்கும் நான்கில் எது கையில் கிடைக்கிறதோ அது வரும். "கிசான் பணம் விழுற புக்கைக் கொண்டு வாங்க, பெண்கள் உரிமைத் தொகை விழுற புக்கைக் கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கில் பணம் வந்துகொண்டிருக்கிறது என்பது அதிலேயே உறுதி ஆகிவிடும். இரண்டு ஆண்டுகள் உறுப்பினர் கையால் போட்டதும் எடுத்ததும் இல்லாத கணக்கை வங்கி செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடும். அப்புறம் அதற்கு உயிர் கொடுக்க அவர்தான் ஆதாரோடு போய் நிற்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னும் பலர் பாண்டியன் கிராம வங்கி என்று அச்சிட்ட பழைய பாஸ்புக்கைத்தான் கொண்டு வருவார்கள். அந்த வங்கி 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. 2020 ஏப்ரலில் வேறு வங்கிகளோடு சேர்ந்த சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிப் புத்தகங்களும் அப்படித்தான். பழைய குறியீட்டை எழுதிக்கொள்ளாமல், புதுப் புத்தகம் வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஐ.எஃப்.எஸ்.சி.யில் மொத்தம் 11 இடம். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறும் கிளைக்கானவை. அந்தப் பூஜ்யத்தை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாக அடிப்பதுதான் நான் அதிகம் திருத்திய தவறு.

இரண்டாம் படி, பட்டியலை எக்செலில் ஏற்றுவது. கணக்கு எண் வரும் பத்தியை, எதையும் அடிப்பதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் தின்றுவிடும். 15 இலக்கத்தைத் தாண்டிய எண்ணில் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நெஃப்ட் முறையில் பணம் போவது கணக்கு எண்ணை வைத்து மட்டும்தான். பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வங்கி பணம் போடுவதில்லை. ஒரு இலக்கம் மாறினால் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் விழலாம். 2025 ஏப்ரலிலிருந்து, கணக்கு எண்ணைக் கொடுத்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று அனுப்பும் முன்பே காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

"செல்போன் எண்ணுக்கே யு.பி.ஐ.யில் போட்டுவிடலாமே?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அப்பா கொடுக்கும் எண் பெரும்பாலும் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையது. பணம் மகன் கணக்கில் விழுந்துவிட்டு, பேரேட்டில் அப்பாவுக்குக் கொடுத்ததாக நிற்கும். அடுத்த பொதுக்குழுவில் அதுவே சண்டையாகும். கணக்கு எண்ணுக்கு அனுப்புங்கள், போன் எண்ணைத் தகவல் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, பணம் அனுப்புவது. கம்பெனிச் சட்டப்படி, அறிவித்த ஈவுத்தொகையை ஐந்து நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். பங்குதாரர் கைக்கு 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நிறுவனக் கணக்கின் நெட் பேங்கிங்கில் மொத்தப் பட்டியலையும் ஒரே கோப்பாக ஏற்றும் வசதி உண்டு. ஒருவர் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்று இரண்டு பாஸ்வேர்டையும் ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பி, அவர்களிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு மிச்சத்தை அனுப்புங்கள். வரிப் பிடித்தம் பற்றி நம் அளவில் கவலை இல்லை. ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு.

நான்காம் படி, தகவல். தமிழில் அனுப்பும் எஸ்.எம்.எஸ். 70 எழுத்தைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும், அதனால் சுருக்கமாக எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் வங்கியின் மிஸ்டு கால் எண்ணுக்கு அடித்தோ, *99# அழுத்தியோ இருப்பைப் பார்க்கலாம். வங்கிக்குப் போக முடியாதவர்கள் தபால்காரரிடம் கைரேகை வைத்து ஆதார் வழியாகப் பணம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் செய்தியிலேயே இன்னொன்றும் சொல்லுங்கள்: பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, ஓ.டி.பி. சொல்ல வேண்டியதில்லை, எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்லை. "டிவிடெண்ட் வந்திருக்கு, நம்பர் சொல்லுங்க" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும். 80 ரூபாய் கொடுக்கப்போய் ஒருவருடைய சேமிப்பு பறிபோக நாம் காரணமாகிவிடக் கூடாது.

ஐந்தாம் படி, திரும்பி வந்தவை. மறுநாள் ஸ்டேட்மெண்டை எடுத்தால் சில வரிகள் திரும்பியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கும். கணக்கு மூடியிருந்தால் வீட்டுக்குப் போய்ப் புது எண் வாங்குங்கள். உறுப்பினர் இறந்திருந்தால் நியமனதாரர் (நாமினி) பெயரைப் பாருங்கள். உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவரும் நியமனதாரரைப் பதிய வேண்டும் என்பது சட்டம், ஆனால் பல நிறுவனங்களில் அந்தப் பத்தி வெறுமையாகத்தான் கிடக்கிறது. பாஸ்புக் வாங்கும் அன்றே அதையும் நிரப்பி வாங்கிவிடுங்கள். 30 நாளாகியும் சேராத தொகை, அடுத்த ஏழு நாளுக்குள் 'வழங்கப்படாத ஈவுத்தொகை' கணக்குக்குப் போக வேண்டும். ஏழு ஆண்டு அங்கேயே கிடந்தால் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும்.

பணம் போய்ச் சேர்ந்தவர்களின் யு.டி.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி எண்ணை, பங்குப் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே எழுதிவையுங்கள். "எனக்கு வரலை" என்று யார் வந்தாலும் அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். வங்கியில் அவர் அதைக் காட்டினால் போதும்.