குடியும் தற்கொலை எண்ணமும்: குறுகிய ஆலோசனையைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து உளநலக் கிளினிக்குகளில் குடியோ வேறு போதையோ ஒருபக்கம், சாக வேண்டும் என்ற எண்ணம் மறுபக்கம் என்று இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது வழமை. பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து பேசும் குறுகிய ஆலோசனை இவர்களுக்கு உதவுமா என்று ஆராய விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, இரண்டையும் பிரிப்பது. குடி பற்றிய ஆய்வென்றால் தற்கொலை எண்ணம் உள்ளவரைச் சேர்ப்பதில்லை. தற்கொலைத் தடுப்பு ஆய்வென்றால் குடிப்பவரை விலக்கிவிடுகிறார்கள். யாருக்கு ஆபத்து அதிகமோ, அவருக்கு எது உதவும் என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

அளவு கேட்பதிலும் சறுக்குகிறோம். குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிட்' (AUDIT) வினாக்கொத்தில் 10 கேள்விகள். ஓர் அலகு என்பது 10 கிராம் மதுசாரம். "நான் ஒண்டுதான் எடுக்கிறனான்" என்பவரின் 'ஒண்டு' கால் போத்தல் சாராயமாக இருக்கலாம். அதில் மதுசாரம் 50 கிராமை நெருங்கும், அதாவது ஏறத்தாழ ஐந்து அலகு! தவறணையில் கள்ளுக் குடிப்பவருக்குக் கிளாஸ் கணக்கே கிடையாது. போத்தல், பிளா (கள்ளுக் குடிக்கும் ஓலைக் குவளை) எல்லாவற்றின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கஞ்சா, ஐஸ் போன்ற போதைப்பொருள் பாவிப்பவருக்குப் பொலிஸ் பயம் இருக்கும். அவர் சொல்வதை யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆள் வெறியில் இருந்தால் பாதுகாப்பை மட்டும் கவனியுங்கள், கேள்விகள் பிறகு.

"சாகவேணும் எண்டு யோசனை வந்ததா?" என்று கேட்கப் பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமும் அல்ல. கேட்டபின் "பிள்ளையள் மேல சத்தியம் பண்ணுங்கோ" என்பதோடு முடிப்பது இன்னொரு தவறு. சத்தியம் உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்குப் பதிலாகப் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள்: எந்த நேரத்தில் மனம் மோசமாகிறது, தனியாக என்ன செய்யலாம், யாரிடம் போகலாம், வீட்டில் ஆபத்தான எதை அப்புறப்படுத்த வேண்டும். "அக்கா வீட்டு விறாந்தையில போய் இருப்பன்" என்று அவர் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். நீங்களாகத் தியானம் என்று மாற்றி எழுதினால் அது அவருடைய திட்டம் அல்ல.

ஒப்பீட்டுக் குழு, அதாவது இந்த ஆலோசனை பெறாத இன்னொரு குழு, இல்லாமல் சோதிப்பதில் பயனில்லை. மக்கள் நிலைமை மிக மோசமான நாளில்தான் வருகிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் பலருக்குக் கொஞ்சம் தணியும். அந்தத் தணிவை ஆலோசனையின் வெற்றி என்று நம்பிவிடுவோம். பூச்சிக்கொல்லியைப் பூட்டிவைக்கும் பெட்டிகள் நல்ல யோசனையாகவே பட்டன. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், பெட்டி கொடுத்த கிராமங்களைக் கொடுக்காதவற்றோடு ஒப்பிட்டுச் சோதித்து 2017இல் வெளியான முடிவில் பலன் தெரியவில்லை. அதற்காக ஒப்பீட்டுக் குழுவினரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வழமையான சிகிச்சை அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

ஒருமுறை பேசினால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கொழும்பு, சென்னை உட்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்ற 1,867 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. ஒரு மணி நேரப் பேச்சும், 18 மாதங்களில் ஒன்பது தொடர்புகளும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தோர் 0.2 சதவீதம், மற்றவர்களில் 2.2 சதவீதம். நேரில் போயோ போனிலோ விசாரித்துக்கொண்டே இருந்ததும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

தொடர்பு அறுந்தவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள். குருநகரில் கடலுக்குப் போனவரும் வன்னிக்கு வேலைக்குப் போனவரும் நலமாக இருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? முதல் நாளே, அவருடைய சம்மதத்தோடு, உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் வாங்கிவையுங்கள். விளைவை அளப்பவர் ஆலோசனை சொன்னவராக இருக்கக் கூடாது. மரியாதைக்காகவே "குறைச்சிட்டன் டொக்டர்" என்பார்கள்.

போனில் பேசும்போது ஒருவர் ஆபத்தில் இருப்பது தெரிந்தால் அன்றிரவு யார் பொறுப்பு, எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வாகனத்தில் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிவையுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ எல்லோர் கையிலும் கொடுத்தனுப்புங்கள். அதில் தமிழிலும் பேசலாம்.