ஜப்பானிய மொழி வியூக ஆர்பிஜி: வாங்கும் முன்பும் ஆடும்போதும்

வியூக ஆர்பிஜி என்பது படையை முறைவைத்து நகர்த்திப் போரிடும் வீடியோ விளையாட்டு. அதை ஜப்பானிய மொழியில் ஆட விரும்பினால் முதலில் கன்சோலைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 2, நின்டெண்டோ 3டிஎஸ் இரண்டிலும் பிராந்தியப் பூட்டு உண்டு. ஜப்பான் விளையாட்டுக்கு ஜப்பான் கன்சோலே வேண்டும். பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கூடுதல் உள்ளடக்கத்தை ஜப்பான் கணக்கில்தான் வாங்க வேண்டும். உள்ளூர்க் கணக்கில் வாங்கினால் ஜப்பான் பதிப்பு அதை ஏற்காது, பணம் வீண்.

பிளேஸ்டேஷன் 4 வரை ஜப்பானில் வட்டப் பொத்தான்தான் 'சரி', பெருக்கல் குறி 'ரத்து'. கை பழகும்வரை தாக்குதலை நீங்களே ரத்து செய்துகொண்டிருப்பீர்கள். சேமிக்கும்போது 'ஹாய்' என்றால் ஆம், 'ஈயே' என்றால் இல்லை. பழைய சேமிப்பின் மேல் எழுதவா என்று கேட்கும் இடத்தில் இதைத் தவறவிடவே கூடாது.

கடாகனாவின் (வெளிமொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்துமுறை) 46 அடிப்படை எழுத்துகளைக் கற்றுவிட்டால் பெரும்பாலான பெயர்களை வாசித்துவிடலாம். கான்ஜியில் (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள்) மெனுச் சொற்களை மட்டும் வடிவத்தால் நினைவில் வையுங்கள்: இடோ (நகர்தல்), கோகெகி (தாக்குதல்), தைகி (காத்திருத்தல்).

ரோபோக்கள் மோதும் வியூக ஆர்பிஜியான சூப்பர் ரோபோ தைசென் தொடர் ஆடுவோர் 'செய்ஷின்' (ரோபோ ஓட்டுநர்களின் சிறப்புக் கட்டளைகள்) பட்டியலையும் கட்டாயம் படிக்க வேண்டும். 'ஹிச்சூ' அந்தச் சுற்றில் உங்கள் அடி தவறாமல் காக்கும். 'ஹிராமெகி' அடுத்து வரும் ஒரு தாக்குதலைத் தவிர்க்கும். எதிரிகளின் பெருந்தலைவனோடு (பாஸ்) மோதும்முன் இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.