மொசலுக்குக் கடைத்தீனி வாங்கறப்ப நாம பண்ற தப்புங்க

போன வருசம் பள்ளிக்கூடம் லீவு உட்டப்ப எங்கூட்டுச் சின்னது அடம் புடிச்சு அழுது ஒரு மொசக்குட்டி வாங்கிருச்சுங்க, திருப்பூர்ல ஒரு பெட் கடையில. கூண்டு, தண்ணி பாட்டல் எல்லாம் எடுத்து வெச்சுட்டு கடைக்காரரு "இதையே போடுங்க, வேற ஒண்ணும் வேண்டியதில்ல"ன்னு ஒரு பாக்கெட்டும் குடுத்தாரு. பாக்கெட் மேல மொசலு ஒண்ணு கேரட்டக் கட்டிப் புடிச்சுட்டு சிரிக்குது. பிரிச்சா உள்ள அசல் மிச்சர் தானுங்க, மக்காச்சோளம், சூரியகாந்தி வெத, காஞ்ச பப்பாளித் துண்டு, செவப்புலயும் பச்சையிலயும் என்னென்னமோ உருண்டைக, நடுவால அங்கொண்ணும் இங்கொண்ணுமா மண்ணு கலர்ல பெல்லட், அதாவது அரைச்சு அழுத்துன தீவனத் துண்டு. நோம்பிக் கடையில கூட அத்தனை கலரு பாக்க முடியாது.

மக்காநாள் காத்தால கிண்ணத்துல பாதி காலி. "அப்பா, நல்லா சாப்புட்டுருச்சுப்பா"ன்னு சின்னது குதிக்குது. எனக்கும் சந்தோசம் தான். ஒரு வாரம் கழிச்சுத் தான் குனிஞ்சு சித்த உத்துப் பாத்தேன், கிண்ணத்துல மிச்சம் கெடக்கறது பூராவும் அந்த மண்ணு கலர் பெல்லட்டு, சோளமும் வெதையும் பப்பாளியும் மட்டும் ஒண்ணு உடாம பொறுக்கித் தின்னுருக்குது. நம்ம பசங்க பிரியாணியில பீஸ மட்டும் பொறுக்கித் திங்கற மாதிரி தான். நார்ச்சத்து இருக்கறது பெல்லட்டுல, அத ஒதுக்கி வெச்சுட்டு மாவும் சக்கரையும் எண்ணெயும் மட்டும் உள்ள போயிருக்குது, நாம என்னடான்னா கிண்ணம் காலியாச்சுன்னு திரும்பத் திரும்பக் கொட்டிக்கிட்டு இருக்கோம். மொதல் தப்பு இது தானுங்க, இந்தக் கலப்புத் தீனி. இங்கிலீசுல ம்யூஸ்லி மிக்ஸ்னு போட்டு விப்பாங்க. எடின்பர்க் யுனிவர்சிட்டியில 32 மொசல வெச்சு 17 மாசம் இதையே பாத்துருக்காங்க, ம்யூஸ்லி போட்டதுக காஞ்ச புல்லு திங்கறதும் தண்ணி குடிக்கறதும் கொறைஞ்சு, புழுக்கையும் சிறுத்துப் போச்சுன்னு கண்டுருக்காங்க.

புழுக்கை சிறுத்தா என்னப்பான்னு கேப்பீங்க. மொசலுக்கு அது தானுங்க எல்லாமே. அதோட வயித்துக்குள்ள பெருங்குடலு ஆரம்பிக்கற எடத்துல பெரிய பை ஒண்ணு இருக்குது, தின்ன புல்லு அதுல தான் புளிச்சு நொதிச்சு சத்தாகுது, மாட்டுக்கு முன்னாடி வயித்துல நடக்கறது இதுக்குப் பின்னாடி நடக்குதுன்னு வெச்சுக்குங்க. அந்தப் பையில இருக்கற நுண்ணுயிருக்கு வேண்டியது நாரு. சக்கரையும் மாவும் எச்சா போச்சுன்னா நல்லதுக செத்து கெட்டதுக பெருகிரும், வாயு கட்டிக்கும், குடலு அசையறது நின்னுரும். மொசலுக்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ள போனது போனது தான். அதோட பல்லு, வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளந்துகிட்டே இருக்கும், புல்ல அரைச்சு அரைச்சுத் தான் தேயும். மெத்துன்னு பொடியற தீனியா போட்டா பல்லு தேயாம ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும், அப்பறம் அது திங்கறதையே உட்டுரும்.

அடுத்து ட்ரீட்டு. யோகர்ட் ட்ராப்ஸ்னு ரோஸ், வெள்ளை, மஞ்சள்ல சின்னச் சின்ன பொட்டு மாதிரி விக்கறாங்க, எங்கூட்டுல அதும் ஒரு டப்பா வாங்கியாச்சு, ஏன்னா சின்னதுக்கு ரோஸ் கலரு புடிக்கும். யோசிச்சுப் பாருங்க, புல்லு திங்கற ஜீவனுக்கு பால் பவுடரும் சக்கரையும் கொழுப்பும் எதுக்கு? தாய்ப்பால் மறந்த மொசலுக்குப் பாலே செரிக்காது. தேன் தடவுன வெதக் குச்சியும் அதே கதை தான். கூண்டுல மாட்டி வெச்சா கடிச்சுக்கிட்டே இருக்கும், பல்லுக்கு நல்லதுன்னு வேற அட்டையில எழுதியிருக்கும். பல்லுக்கு நல்லது வேணும்னா ஒரு வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ ஒடிச்சுப் போடுங்க, காசா பணமா. ஊட்டுல நாம பண்றதும் கம்மி இல்லீங்க, பிஸ்கட்டு, பொரி, பொட்டுக்கடலை, ஒறம்பரை ஊட்டி போயிட்டு வந்தா வர்க்கி. அது வாயத் தூக்கிட்டு வந்து நிக்கறதப் பாத்தா குடுக்காம இருக்க மனசு வராது, தெரியுது. ஆனா சாக்லேட்டு, வெங்காயம், பூண்டு, அவகாடோ இதெல்லாம் வெளையாட்டுக்குக் கூட வேண்டாம், விசம்.

கேரட்டப் பத்தி சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து வர்ற ஊட்டி கேரட்டு நம்ம பக்கம் எந்நேரமும் கெடைக்குதுன்னு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு போடறாங்க. அது இனிப்புங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெரல் நுனி அளவு துண்டு போதும். பழமும் அப்படித்தான், ஒரு டீஸ்பூனுக்கு மேல வேண்டாம்.

இப்ப நம்ம கொங்குப் பக்கத்துக்குன்னே இருக்கற தப்பு ஒண்ணு. பெட் கடையில வெல எச்சா இருக்குதுன்னு தீவனக் கடைக்குப் போயி மொசல் தீவனம்னு கேட்டு வாங்கறது. அங்க கெடைக்கறது பெரும்பாலும் கறிக்கு வளக்கற பண்ணை மொசலுக்கானது. ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்துல வெச்சுருக்கற சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் மாதிரி இனங்க, அதுகள மூணு மாசத்துல ரெண்டு கிலோ ஏத்தி வித்தரணும், அதுக்குத் தகுந்த மாதிரி சத்து ஏத்துன தீவனம் அது. ஊட்டுல எட்டு வருசம் பத்து வருசம் இருக்க வேண்டிய மொசலுக்கு அதையே நாளெல்லாம் கொட்டுனா பெருத்துப் போயி அடியக் கூட நக்கிச் சுத்தம் பண்ண முடியாது. ராத்திரில திராட்சக் கொத்து மாதிரி மெத்துன்னு ஒரு தினுசு புழுக்கை போட்டு அத அதுவே வாய வெச்சுத் தின்னுக்கும், அது அருவருப்பு இல்லீங்க, சத்து. பெருத்த மொசலுக்கு அது எட்டாம கூண்டெல்லாம் ஒட்டிக் கெடக்கும். அது கெடந்தாலே தீவனம் எச்சுன்னு அர்த்தம்.

அதையும் உட மோசம், கட்டுத்தரையில இருக்கற மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் ஒரு கை அள்ளிப் போடறது. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்கா பஞ்சம்? ஆனா கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராம இருக்கக் கலக்கற மருந்துல சிலது மொசலுக்கு ஆகவே ஆகாது, உசுரே போயிரும். பருத்திக்கொட்டையிலயும் கோசிப்பால்னு ஒரு நச்சு இருக்குது, மாடு தாங்கும், மொசல் தாங்காது. மழைக்காலத்துல பூசணம் புடிச்ச சோளமும் கடலைப் புண்ணாக்கும் சொல்லவே வேண்டியதில்ல. லூஸ்ல கவர் போட்டு விக்கற தீனி என்னைக்கு அரைச்சதுன்னே தெரியாது, அத வாங்காதீங்க.

எனக்குச் சிரிப்பு வந்த எடம் இந்த அல்ஃபால்ஃபா தான். வெளிநாட்டுப் படம் போட்டு, கட்டி கட்டியா சின்னப் பாக்கெட்ல, வெலையப் பாத்தா தலை சுத்துது. என்னன்னு வெசாரிச்சா நம்ம குதிரைமசாலு! எங்கப்புச்சி, அம்மாவோட அப்பா, தோட்டத்துல கறவை மாட்டுக்கு வயக்கணக்குல போட்டுருந்தது. அதுல புரதமும் கால்சியமும் எச்சு, ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற குட்டிக்குச் சரி, பெருசுக்குத் தெனமும் வேண்டாம். மொசல் எச்சாப் போன கால்சியத்த மூத்திரத்துல தான் வெளியேத்தும், சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வந்து மூத்திரப் பையில மண்டி கட்டிக்கும். அதே காரணத்துக்காகத் தான் கூண்டுல தொங்க உடற உப்புக்கட்டியும் தேவையில்ல. தண்ணியில உடற வைட்டமின் சொட்டும் வேண்டாம், வைட்டமின் சி-ய மொசலு ஒடம்பே செஞ்சுக்கும், கினி பிக்குக்குத் தான் வெளிய இருந்து வேணும். ருசி மாறுனா தண்ணி குடிக்கறதக் கொறைச்சுக்கும், நம்ம சித்திர வெய்யில்ல அது வேற வம்பு.

எங்க மொசலுக்கு மூணாவது மாசம் வயித்து நோவு வந்துச்சு. ஒரு நாள் காத்தால மூலையில குறுகி உக்காந்துட்டு பல்ல நறநறன்னு கடிக்குது, காது சில்லுன்னு இருக்குது, தட்டுல ஒரு புழுக்கை இல்ல. ராத்திரி போட்டதும் மொளகு அளவுல, முடியில கோத்த மாதிரி. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு நெனைச்சேன், நல்ல வேளை ஊட்டுக்காரி உடல. 10, 12 மணி நேரம் திங்காம புழுக்கை போடாம இருந்தா அது அவசரம்னு டாக்டர் சொன்ன பொறவு தான் எனக்குத் தெரியும். வலிக்கு ஊசி, தண்ணி ஏத்துனாங்க, தேறிருச்சு. என்ன போடறீங்கன்னு அவரு கேட்டதுக்கு நான் செல்லுல பாக்கெட்டுப் போட்டோவ காட்டுனேன், ஒண்ணும் பேசல, தலைய மட்டும் ஆட்டுனாரு.

அந்த வாரம் காங்கயத்துல இருந்து அமுச்சி, எங்கம்மாவோட அம்மா, வந்துருந்துச்சு. டப்பாவத் தொறந்து மோந்து பாத்துட்டு "ஏங் கண்ணு, மொசலுக்கு முட்டாயி வாங்கிப் போடறீங்களா, கொரங்காட்டுல புல்லு கெடந்து காயுது"ன்னு சொல்லிட்டு, அடுத்த தடவை பஸ்ல ஒரு சாக்கு நெறைய கொழுக்கட்டைப்புல்லு காய வெச்சுக் கொண்டாந்துருச்சு. கொரங்காடுன்னா மேச்சக்காடு, அங்க கிளுவை வேலிக்குள்ள மாடு மேயற அதே புல்லு. இப்ப தீனியில முக்காவாசிக்கும் மேல அது தான், இல்லாதப்ப அருகம்புல்லு. ரோட்டோரத்துல, மருந்தடிச்ச காட்டோரத்துல அறுக்கறதில்ல. புடுங்குன கையோட ஒரு பிடி கொத்தமல்லி, புதினா. எளஞ்சோளப் பயிரு மட்டும் ஆகாது, மாட்டுக்கே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். நெல்லு வைக்கோலு கூண்டுக்குள்ள விரிக்கறதுக்குச் சரி, அதுல சத்து இல்ல.

பெல்லட்டே வேண்டாம்னு சொல்லல. வாங்கறப்ப படத்தப் பாக்காம பாக்கெட்டத் திருப்பிப் பாருங்க, நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வெச்சுருங்க, எல்லாத் துண்டும் ஒரே கலரா ஒரே அளவா இருக்கணும், என்னென்ன சேத்துருக்குதுன்னு போட்டுருக்கறதுல மொதல் பேரு புல்லா இருக்கணும், சோளமா இருக்கக் கூடாது. வளந்த மொசலுக்கு ஒரு நாளைக்கு கிலோ எடைக்கு 25 கிராம், அதுக்கு மேல வேண்டாம். தீனிய மாத்தறப்ப ஒரே நாள்ல மாத்தாதீங்க, பழசையும் புதுசையும் ஒட்டுக்கா கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மெதுவா மாத்துங்க. மொத ரெண்டு நாளு எங்களுது புல்லத் திரும்பிக் கூடப் பாக்காம கிண்ணத்தத் தூக்கிப் போட்டு ரகள பண்ணுச்சு, மூணாவது நாளு ராத்திரி கறுக்கு கறுக்குன்னு சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பாத்தா புல்லுக்குள்ள மூஞ்சிய உட்டுக்கிட்டு இருந்துச்சு.

மிச்சமிருந்த பாக்கெட்டையும் டப்பாவையும் அமுச்சி தூக்கிட்டுப் போயி அங்க கோழிக்கு எறைச்சு உட்டுருச்சாம். சோளத்தையும் வெதையையும் கொத்திட்டு, அந்த ரோஸ் பொட்ட ஒரு கோழியும் தொடலையாம்.