மாநாட்டுக்கு வந்து யாழ்ப்பாணம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் ஊர் பார்ப்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு அமர்வுகள் முடிந்துவிடும், இரவு பஸ்ஸுக்கு முன் கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை எல்லாவற்றையும் ஒரு வான் வண்டியில் சுற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்து மத்தியானம் இதற்குத் தோதுப்படாது. கோயில் நடை சாத்தியிருக்கும், கோட்டை மதிலில் ஒதுங்க நிழல் இருக்காது. இந்த ஊர் காலையிலும் மாலையிலும்தான் பார்க்க நன்றாயிருக்கும். மாநாட்டுக்காரருக்கும் அந்த நேரந்தானே ஓய்வு!

ஒன்பது மணிக்கு அமர்வு என்றால், அறையில் படுத்துக் கிடக்காமல் ஆறு மணிக்கே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விடுங்கள். விடியுமுன்பே நடை திறந்துவிடும், பூசைகள் மணி பிசகாமல் நடக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மடித்த சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறும் மார்பில் மாநாட்டு அட்டை தொங்க வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அட்டையை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான், சில்லறை வைத்திருங்கள். இது யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியன் கும்பிட்ட கோயில் என்று கூட வந்தவருக்கு விளக்கம் சொல்லாதீர்கள். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்துவிட்டார்கள். இன்றைய கோயில் 1734இல் வேறிடத்தில் எழுந்தது.

ஆவணியை ஒட்டி மாநாடு என்றால் முதலில் நல்லூர்த் திருவிழாத் தேதியைப் பாருங்கள். இருபத்தைந்து நாள் திருவிழா. அறை கிடைப்பது பெரும்பாடு, கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனமும் போகாது.

மாலை கோட்டைக்கு. கூட்டம் பொது நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள கலாசார மையத்தில் என்றால் நடந்தே போய்விடலாம், ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாகப் பெருப்பித்தார்கள். மதிலில் ஏறிக் கடலேரியைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவதுதான் பலர் வழக்கம். இறங்குமுன் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது முருகைக்கல். சின்னச் சின்னத் துளைகள், நட்சத்திரம் பதித்ததுபோன்ற வரிகள். ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்த பவளம் அது. இந்த ஒன்றைப் பார்க்கவே அரை மணி நேரம் கூட நிற்கலாம் என்பேன்.

நூலகத்தில் சரஸ்வதி சிலை முன் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புவது தப்பில்லை. கூட்டமாக உள்ளே நுழைந்து சத்தமாகக் கதைப்பதுதான் தப்பு. அங்கே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தக் கதையை வாசித்துவிட்டு வாருங்கள். அதை விட்டுவிட்டு ஓட்டோக்காரரிடமும் தேத்தண்ணிக் கடைக்காரரிடமும் "சண்டை நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள்.

தீவுகளை அரை நாளில் முடிக்கப் பார்ப்பதும் வேண்டாம். குறிகட்டுவான் துறைக்குப் பஸ்ஸில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கொஞ்ச நேரந்தான். காலையிலேயே போனால் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டுத் திரும்பலாம். நெடுந்தீவுக்குக் கடலில் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எதற்குப் போனாலும் திரும்பிவரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

சாப்பாடு பற்றி ஒன்று. மூன்று வேளையும் மாநாட்டு பஃபேயிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு நேரமாவது வெளியே சாப்பிடுங்கள். ஒடியற்கூழ் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள். ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கின் மாவில் மீன், நண்டு, இறால் எல்லாம் போட்டுக் காய்ச்சுகிற கூழ் அது, கடைக்குள் நுழைந்ததும் கிடைக்கிற சாமான் இல்லை. பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள், சூடாயிருக்கும். அதைக் குடித்துவிட்டு இரண்டு மணி அமர்வில் போய் உட்கார்ந்தால் நித்திரை வரும். இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.