கிளிக்கூண்டில் நேரான குச்சி வேண்டாம்: உட்காரும் இடத்தில் நாம் செய்யும் தவறுகள்

கூண்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு கிளி மேலே ஏறும்போது அதன் உள்ளங்கால் நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலோர் அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். நானும் எட்டு மாதம் அப்படித்தான் பார்த்தேன். ஒரு நாள் காலை எங்கள் வீட்டுக் காக்டெயில் என்னும் கொண்டை வைத்த சின்னக் கிளி, கம்பியில் தொற்றியபடி கீரைத்தண்டுக்காகக் கழுத்தை நீட்டியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. உள்ளங்காலின் நடுவே மிளகளவு இடம் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. சுற்றியிருந்த தோலில் பலாப்பழத் தோல் போலப் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு இருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் அது தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கால்நடை மருத்துவர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: “கூண்டில் என்ன குச்சி போட்டிருக்கிறீர்கள்?”

கூண்டோடு வந்த குச்சிதான். பச்சை பிளாஸ்டிக்கில் இரண்டு, பென்சில் பருமன், அளவுகோல் வைத்ததுபோல நேராக. பார்க்க அழகாக இருந்ததால் மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாம் நிற்போம், உட்காருவோம், படுப்போம். கிளி தூங்குவதும் நின்றபடிதான். ஆகவே அந்தக் குச்சிதான் அதற்குத் தரை, நாற்காலி, கட்டில் எல்லாம். அதன் காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு விரல்கள் பின்னும் இருக்கும். மரத்தில் வாழும் கிளி ஒரு நாளில் எத்தனையோ கிளைகளில் மாறி மாறி உட்காரும். தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது, முண்டும் முடிச்சுமாக இருப்பது என்று ஒவ்வொன்றிலும் காலின் வெவ்வேறு பகுதி எடையைத் தாங்கும். ஒரே பருமனுள்ள நேர்க்குச்சியில் அந்த மாற்றம் கிடையாது. இரவும் பகலும் அதே இரண்டு மூன்று புள்ளிகள்தான் சுமக்கின்றன. அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது, தோல் மெலிகிறது, பிறகு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கிருமி புகுந்தால் கால் வீங்கிப் புண்ணாகிவிடும். பறவை வளர்ப்போர் பம்பிள்ஃபுட் என்று சொல்வது இதைத்தான். முற்றினால் தசைநாண், எலும்பு வரை போகும். உடல் பருத்த பறவைக்கும், தினையையும் சூரியகாந்தி விதையையும் மட்டுமே தின்று வைட்டமின் ஏ குறைந்த பறவைக்கும் இது சீக்கிரம் வரும். எங்கள் பறவைக்கு மருத்துவர் குச்சியோடு சாப்பாட்டையும் மாற்றச் சொன்னது அதனால்தான். கேரட்டும் கீரையும் தினசரி ஆயின.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் பேசுவது நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று தவறாக அழைக்கும் பட்ஜெரிகர், உண்மையான ஆப்பிரிக்க லவ் பேர்ட், காக்டெயில், கானூர், சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி.

பருமனை நம் கண்ணால் அளப்பது

சின்னப் பறவைக்குச் சின்னக் குச்சி என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குச்சி மெலிதாக இருந்தால் விரல்கள் அதை முழுக்கச் சுற்றி வளைத்து, முன் நகமும் பின் நகமும் ஒன்றையொன்று தொடும். சில நேரம் நகம் உள்ளங்காலையே குத்தும். அளவுக்கு மீறித் தடித்திருந்தால் பிடி கிடைக்காமல் பறவை வழுக்கும். விரல்கள் குச்சியின் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ பற்றி, நகங்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அந்தப் பருமன் பொருத்தம். பட்ஜெரிகருக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 சென்டிமீட்டர் விட்டம், காக்டெயிலுக்கும் லவ் பேர்டுக்கும் 1.5 முதல் 2, கானூருக்கு 2 முதல் 2.5, சாம்பல் கிளிக்கு 3 முதல் 4 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு 2 சென்டிமீட்டரில் கடைந்தெடுத்த உருண்டைக் கட்டைகளை நான்கு வாங்கி மாட்டிவிடாதீர்கள். சரியான அளவிலேயே நான்கும் ஒன்றுபோல இருந்தால் பழைய தவறு வேறு விலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே சொன்ன எண்களைக் கொஞ்சம் கீழேயும் கொஞ்சம் மேலேயும் தாண்டும் குச்சிகள் கலந்திருக்க வேண்டும். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த ஒற்றைக் கிளை, அந்த நான்கு கட்டைகளையும்விட மேல்.

நகம் தேய்க்கும் உறை

குச்சியின்மேல் மாட்ட உப்புத்தாள் உறை விற்கிறார்கள். “இதைப் போட்டால் நகம் வெட்டவே வேண்டாம்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நானும் வாங்கினேன். பறவை குச்சியில் உட்காரும்போது அதன் நகநுனி குச்சியைத் தொடுவதே அரிது. தொடுவது உள்ளங்கால்தான். ஆகவே தேய்வதும் அதுதான். ஏற்கெனவே மெலிந்திருந்த தோலை நானே காசு கொடுத்து உப்புத்தாளால் தேய்த்திருக்கிறேன். இதற்கு மிதமான பயன்பாடு என்று எதுவும் கிடையாது. கழற்றி எறிந்துவிட வேண்டியதுதான்.

நகம் தேய்க்க விற்கும் சிமெண்ட் குச்சியை அப்படி ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். பறவை சற்று நேரம் மட்டும் வந்துபோகும் இடத்தில், தண்ணீர்க் கிண்ணத்துக்கு அருகே, ஒன்று இருந்தால் போதும். இரவில் தூங்கும் உயரத்தில் அதைப் பொருத்தக்கூடாது. நகம் மிகவும் நீண்டுவிட்டால் மருத்துவரிடமோ பழகியவரிடமோ காட்டி வெட்டிக்கொள்ளுங்கள். நகத்துக்குள் இரத்தக்குழாய் ஓடுகிறது. கை தவறினால் இரத்தம் நிற்காமல் கசியும்.

எந்த மரம், எப்படி வெட்டுவது

எனக்குக் கொய்யாதான் முதல் தேர்வு. கிளை இயல்பாகவே கோணலாக வளரும். மரம் கடினமானது என்பதால் சீக்கிரம் உடையாது. பட்டையைக் கிளி உரித்து விளையாடும். வேம்பு, புளி, செம்பருத்தி ஆகியவையும் நல்லவை. முருங்கை மென்மையாக இருப்பதால் ஒரு வாரத்தில் தூளாகிவிடும். ஆனால் கடித்துக் குதற அதைவிடச் சிறந்தது கிடையாது. அரளி, எருக்கு, கள்ளி, ஆமணக்கு, அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழ மரம் ஆகியவற்றின் பக்கமே போகவேண்டாம். வெண்ணெய்ப்பழம் நமக்கு உணவு, பறவைக்கு நஞ்சு. பெயர் தெரியாத மரத்தின் கிளை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த தோட்டத்திலிருந்தும், வண்டிப் புகை படியும் சாலையோரத்திலிருந்தும் எடுக்க வேண்டாம். வார்னிஷ் பூசிய நாற்காலிக் கால், பிளைவுட் துண்டு, பழைய பெட்டிப் பலகை எதுவும் உதவாது, ஏனென்றால் கிளி எதில் உட்காருகிறதோ அதைக் கடிக்கும்.

வெட்டிய கிளையைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைக்கிறேன். சோப்பு போடுவதில்லை. பட்டையைச் சீவுவதும் இல்லை. கால் வழுக்காமல் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டையைத்தான். சிம்பு நீட்டியிருக்கும் இடங்களை மட்டும் கத்தியால் நறுக்கிவிடுவேன். காய்ந்தபின் கூண்டின் அகலத்துக்கு அறுத்து, இரு முனைகளிலும் கம்பி நுழையும் அளவுக்குக் காடி வெட்டினால் குச்சி தானாகப் பொருந்திக்கொள்ளும். கனமான கிளையென்றால் ஒரு முனையில் துளையிட்டு எவர்சில்வர் போல்ட், வாஷர், கையால் திருகும் விங் நட் கொண்டு இறுக்கலாம். ஜி.ஐ. கம்பியால் கட்டுவதுதான் எளிது என்று தோன்றும். அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். கிளி அதைக் கொரித்தால் உடம்பில் நஞ்சேறும்.

மாட்டியபின் விரலால் ஆட்டிப் பாருங்கள். உட்கார்ந்ததும் உருளும் குச்சியைக் கிளி இரண்டாம் முறை நம்பாது. ஊஞ்சல் ஆடலாம், படுக்கை ஆடக்கூடாது.

கயிற்றுப் பெர்ச் (கயிற்றாலான உட்காரும் குச்சி)

பருத்திக் கயிறு காலுக்கு மெத்தென்று இருக்கும். புண்பட்ட காலுக்கு மருத்துவர்களே சில நேரம் அதைச் சொல்வதுண்டு. சிக்கல் அது பிசிறத் தொடங்கியபின்தான். தொங்கும் நூலில் விரலோ நகமோ மாட்டிக்கொண்டால் பறவை பதறி இழுக்கும். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். நூலைக் கடித்து விழுங்கும் பழக்கமுள்ள பறவைக்கு இரைப்பையில் அடைப்பு வரும். வாரம் ஒருமுறை பிசிறைக் கத்தரிக்க நேரமில்லாதவர்கள் கயிறே வாங்காமல் இருப்பது நல்லது.

இடம்

குச்சிக்கு நேர் கீழே சாப்பாட்டுக் கிண்ணமோ தண்ணீரோ இருந்தால் எச்சம் அதில்தான் விழும். ஒரு குச்சிக்கு நேர் கீழே இன்னொன்று இருந்தாலும் அதே கதைதான். எச்சம் படிந்த குச்சியில் நிற்கும் கால் எளிதில் புண்ணாகும். வால் கம்பியில் உரசாத தூரத்தில் பொருத்துங்கள். கிளி கூண்டின் உச்சியில்தான் தூங்க விரும்பும். ஆகவே இருப்பதில் மிகச் சௌகரியமான கிளைக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். எல்லா மூலையிலும் குச்சியை நிரப்பிவிட்டால் சிறகை விரிக்க இடமில்லாமல் போகும். அதையும் நான் செய்து பார்த்தாகிவிட்டது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்று மாலையே, குற்றவுணர்ச்சியோடு, பழைய குச்சிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கிளைகளை மாட்டினேன். அன்றிரவு முழுக்கப் பறவை கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கொண்டை ஈட்டி போல நிமிர்ந்து நின்றது. தெரியாத பொருளைக் கண்டு கிளி அஞ்சுவது இயல்பு. அதற்கு அது புதுக் குச்சி இல்லை, இருட்டில் படுக்கைக்குள் புகுந்த ஏதோ ஒன்று. மறுநாள் ஒரு பழைய குச்சியைத் திருப்பி மாட்டினேன். கிளையைக் கூண்டுக்கு வெளியே, அது பார்க்கும் இடத்தில், ஐந்து நாள் வைத்தேன். பிறகு உள்ளே கீழ்மட்டத்தில் பொருத்தி, அதன்மேல் ஒரு தினைக்கதிரைச் செருகினேன். முதல் நாள் பழைய குச்சியில் நின்றபடி கழுத்தை நீட்டித் தின்றது. மூன்றாம் நாள் ஒரு காலை எடுத்து வைத்தது, மற்றது பழைய இடத்திலேயே. இரண்டாம் வாரம் பழைய குச்சியைக் கழற்றியபோது அது கண்டுகொள்ளவே இல்லை.

வயதான, நொண்டும் பறவைக்கு

மூட்டுவலியுள்ள கிளிக்கும் விரலிழந்த கிளிக்கும் உருண்டைக் கிளையே பாரம். உள்ளங்கை அகலமுள்ள தட்டைப் பலகை ஒன்றைக் கம்பியோடு பொருத்திக் கொடுத்தால் பாதத்தை விரித்து நிற்கும். உயரத்தைக் குறைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பறக்காமல் நடந்தே போகும்படி குச்சிகளைப் படிக்கட்டுபோல அடுக்குங்கள். கீழே தடித்த துணி விரித்திருந்தால் விழுந்தாலும் அடிபடாது. பிடி தளர்ந்த பறவைக்கு, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜைக் குச்சியின் ஒரு பகுதியில் சுற்றிவிடலாம். ஆனால் அழுக்கானதும் மாற்ற வேண்டும், கடிக்கத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். கிளி ஒற்றைக் காலில் நின்று தூங்குவதைப் பார்த்து நோய் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நிம்மதியாக இருப்பதன் அடையாளம். கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாலோ, எப்போதும் ஒரே காலை மட்டும் தூக்கியிருந்தாலோதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் காக்டெயிலின் உள்ளங்காலில் சொரசொரப்பு மீள நான்கு மாதம் ஆயிற்று. இப்போது அது கொய்யாக் கிளையின் கவையில், ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நின்று தூங்குகிறது. பட்டையெல்லாம் உரித்தாகிவிட்டது. கவையின் ஒரு பக்கத்தைப் பாதிவரை கடித்தும்விட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த கிளை வெட்ட வேண்டும்.